சொல்லாமல் கணக்குப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுப் பாதுகாப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். ‘டேட்டாவைப் பார்க்காமலே அதை வைத்துக் கணக்குப் போடலாம்’ என்று எங்கேயாவது வாய்விட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும் வரை கேள்விகள் வரும். கல்லூரிகளில் பேசப் போனாலும் இதே கேள்விகள்தான். ஆடிட்டராக இருக்கும் என் மச்சான் கேட்பதும் இவற்றைத்தான். ஒவ்வொரு முறையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

சம்பளத்தைச் சொல்லாமலே சராசரி சம்பளம் கண்டுபிடிக்கலாம்னு சொல்றீங்களே, அது எப்படி முடியும்?

பேனாவும் துண்டுச் சீட்டும் போதும். கவிதா, ராஜா, மீனா மூன்று பேர். சம்பளம் முறையே 42, 55, 38 ஆயிரம். மற்றவர்களிடம் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. ஒவ்வொருவரும் தன் சம்பளத்தை மூன்று துண்டாக உடைக்க வேண்டும். முதல் இரண்டு துண்டும் மனம்போன எண்கள், மூன்றாவது துண்டு கணக்கைச் சரிக்கட்டும் எண். கவிதா 42-ஐ 310, -175, -93 என்று உடைக்கிறார். ராஜா 55-ஐ -88, 201, -58 என்று. மீனா 38-ஐ 127, 64, -153 என்று. எல்லாருடைய முதல் துண்டும் கவிதாவுக்கு, இரண்டாவது ராஜாவுக்கு, மூன்றாவது மீனாவுக்கு.

இப்போது அவரவர் கையில் இருப்பதைக் கூட்டட்டும். கவிதாவிடம் 310 - 88 + 127 = 349. ராஜாவிடம் 90. மீனாவிடம் -304. இந்த மூன்றை மட்டும் சத்தமாகச் சொல்கிறார்கள். 349 + 90 - 304 = 135. மூன்றால் வகுத்தால் 45 ஆயிரம். யாரும் யாருடைய சம்பளச் சீட்டையும் பார்க்கவில்லை. ராஜாவின் சம்பளத்தில் கவிதா கண்டது ‘-88’ என்ற ஒரு துண்டைத்தான், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு சின்னத் திருத்தம். நிஜத்தில் கடிகாரம் மாதிரி, ஓர் எல்லை தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வரும் சுற்று எண்களில்தான் இதைச் செய்வார்கள். சாதாரண எண்ணில் ஒரு துண்டு ரொம்பப் பெரிதாக வந்தால் ‘சம்பளமும் பெரிதோ’ என்று லேசாக ஊகிக்க இடம் இருக்கும். சுற்று எண்ணில் எந்தத் துண்டும் சம வாய்ப்போடு வரும் என்பதால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை.

எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணித்தானே வைக்கிறாங்க? அதுவே போதாதா?

வைத்திருக்கும்போது பூட்டு, அனுப்பும்போதும் பூட்டு. ஆனால் கூட்டவோ தேடவோ வேண்டும் என்றால் பூட்டைத் திறந்தாக வேண்டும். அந்த நேரத்தில் சர்வரின் நினைவகத்தில் உங்கள் விவரம் பச்சையாகக் கிடக்கிறது. நகையை லாக்கரில் வைத்திருந்தாலும் எடை போட வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்? திருட்டு நடப்பதும், உள்ளே இருப்பவரே எட்டிப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த இடைவெளியை அடைப்பதைப் பற்றி.

பேரையும் ஃபோன் நம்பரையும் அழிச்சிட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு சுத்தணும்?

கிராமத்தில் ‘மூன்று பெண்ணைக் கட்டிக் கொடுத்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்’ என்றால் பெயர் எதற்கு? எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். டேட்டாவிலும் அதே கதைதான். அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றை மட்டும் வைத்தே தனித்துப் பிரித்துவிடலாம் என்று 2000-இல் லத்தன்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார்.

நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் ஒரு போட்டிக்காக, சந்தாதாரர்கள் படங்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை ஐஎம்டிபி என்ற சினிமா இணையதளத்தில் மக்கள் பெயரோடு எழுதியிருந்த விமர்சனங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். சிலரை அடையாளம் கண்டும் விட்டார்கள். ஒருவர் எந்தப் படத்தை எப்போது பார்த்தார் என்பதில் நாலைந்து தெரிந்தால் போதும், ஆள் சிக்கிவிடுகிறார்.

சரி, பேருக்குப் பதிலா ஹாஷ் போட்டுக் கொடுத்தா? ஹாஷைத் திருப்ப முடியாதுன்னு படிச்சிருக்கேனே.

ஹாஷ் என்பது எந்த விவரத்தையும் திருப்ப முடியாத ஒரு குறியீடாக மாற்றும் கணக்கு, ஒரே விவரத்துக்கு எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். படித்தது சரி, பயன்படுத்துமிடம்தான் தப்பு. இந்தியக் கைப்பேசி எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். ஹாஷைத் திருப்ப வேண்டியதே இல்லை. 400 கோடிக்கும் ஹாஷ் போட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தால் ஆயிற்று. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிடும். நான் பார்த்த தப்புகளில் அதிகம் நடப்பது இதுதான், அதுவும் விவரம் தெரிந்தவர்கள் கையால்.

இரண்டு பேரிடம் இருக்கும் பட்டியல்களில் பொதுவாக உள்ளதை மட்டும் கண்டுபிடிக்க முறையான வழி வேறு. ஒவ்வொரு எண்ணுக்கும் நான் என் பூட்டைப் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் அதன்மேல் உங்கள் பூட்டைப் போடுகிறீர்கள். உங்கள் பட்டியலுக்கும் அதே மாதிரி, முதலில் உங்கள் பூட்டு, அப்புறம் என் பூட்டு. எந்தப் பூட்டு முதலில் விழுந்தது என்பது முக்கியமில்லாத ஒரு கணித முறை இருக்கிறது. அதனால் இரண்டு பூட்டும் விழுந்த பிறகு ஒரே மாதிரி தெரிபவை மட்டும் பொது எண்கள். மற்றவற்றைத் தனியாக யாராலும் திறக்க முடியாது. உங்கள் கடவுச்சொல் கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் வசதி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. கூகுள் 2019-இல் குரோமுக்கு அப்படி ஒன்றை வெளியிட்டது.

இதெல்லாம் இப்போ வந்ததா? யார் முதல்ல யோசிச்சது?

உங்களில் பலரைவிட வயது அதிகம். 1978-இல் ரிவெஸ்ட், ஆடில்மேன், டெர்டூஸோஸ் மூவரும், ஒரு சின்னக் கடன் நிறுவனம் வாடகைக் கணினியில் வாடிக்கையாளர் விவரத்தைப் பூட்டி வைத்துவிட்டு ‘சராசரிக் கடன் எவ்வளவு’ என்று கேட்க முடியுமா என்று யோசித்தார்கள். 1982-இல் ஆண்ட்ரூ யாவ் வேறு பக்கத்திலிருந்து வந்தார்: இரண்டு கோடீஸ்வரர்கள், சொத்து மதிப்பைச் சொல்லாமல், தங்களில் யார் பெரிய பணக்காரர் என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று இருக்கும் இரண்டு பெரிய கிளைகளும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து வந்தவை.

கூட்டல் புரிஞ்சுது. ஆனா ஒப்பிடுறது, ‘ரெண்டு பேருக்கும் சம்மதமா’ன்னு பார்க்கிறது, இதையெல்லாம் எப்படி மறைச்சுச் செய்யறது?

இதற்கு நான் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவேன். பெண் பார்த்துவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்று கிளம்புகிறார்களே, அந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்திருந்தால் மட்டும் அது வெளியே தெரிய வேண்டும். ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்கவில்லை என்றால், பிடித்தவர் மனசு யாருக்கும் தெரியக்கூடாது.

பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கும் மூன்று சிவப்புச் சீட்டு, இரண்டு கறுப்புச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள் (சிவப்பு மூன்றும் ஒரே சீட்டாகவும் கறுப்பு இரண்டும் ஒரே சீட்டாகவும் இருக்க வேண்டும், அதற்காக நான் மூன்று கட்டுகளைப் பாழாக்கினேன்). நடுவில் ஒரு சிவப்பைக் கவிழ்த்து வையுங்கள். இடப்பக்கம் பையன், வலப்பக்கம் பெண். இருவர் கையிலும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. சம்மதம் என்றால் சிவப்பை நடுச்சீட்டை ஒட்டியும் கறுப்பை வெளியேயும் கவிழ்த்து வைக்க வேண்டும். சம்மதமில்லை என்றால் நேர்மாறாக. இப்போது ஐந்தையும் வரிசை கலையாமல் அடுக்கி, எத்தனை சீட்டு எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாதபடி மாற்றி மாற்றி வெட்டுங்கள். பிறகு வட்டமாக வைத்துத் திருப்புங்கள்.

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மூன்று சிவப்பும் சேர்ந்தே இருக்கும், இரண்டு கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மற்ற மூன்று நிலைகளிலும் கறுப்புகளுக்கு நடுவே சிவப்பு புகுந்துவிடும். அழகு எங்கே என்றால், அந்த மூன்று நிலைகளும் வட்டத்தில் பார்த்தால் ஒன்றேபோல் இருக்கும். யார் மறுத்தார், ஒருவரா இருவருமா என்று கண்டுபிடிக்க முடியாது. பெர்ட் டென் போயர் 1989-இல் சொன்ன முறை இது, அவரும் ஜோடிப் பொருத்தத்தைத்தான் உதாரணமாக எடுத்தார். கணினி செய்யும் எந்தக் கணக்கையும் இப்படிப்பட்ட ‘இரண்டும் ஆமா’, ‘இல்லை’ என்ற சின்னச் சின்ன அடிகளாக உடைத்துவிடலாம். ஒவ்வோர் அடியையும் மறைத்துச் செய்ய முடிந்தால் முழுக்கணக்கையும் மறைத்துச் செய்யலாம். எந்தக் கணக்குக்கும் இது பொருந்தும் என்று 1987-இல் கோல்ட்ரைக், மிகாலி, விக்டர்சன் மூவரும் காட்டிவிட்டார்கள்.

ஹோமோமார்ஃபிக் என்க்ரிப்ஷன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே வீட்டுக்குப் போகும் இரண்டு வழி. மேலே சொன்னதில் பல பேர் துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு தங்களுக்குள் பேசிப் பேசிக் கணக்கை முடிக்கிறார்கள். ஹோமோமார்ஃபிக்கில் பேச்சு இல்லை. நான் பூட்டி அனுப்புகிறேன், சர்வர் பூட்டிய நிலையிலேயே கணக்குப் போட்டுப் பூட்டிய விடையை அனுப்புகிறது, நான் என் சாவியால் திறக்கிறேன்.

நம்பாதவர்களுக்கு ஒரு குட்டிச் சோதனை. பூட்டும் விதி: எண்ணை மூன்று முறை பெருக்கி (2 என்றால் 2×2×2), 33-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 2-ஐப் பூட்டினால் 8. 4-ஐப் பூட்டினால் 64-ஐ 33-ஆல் வகுத்த மீதி, 31. இப்போது உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாத ஒருவர் 8-ஐயும் 31-ஐயும் பெருக்குகிறார்: 248, மீதி 17. நான் 2×4 = 8 என்ற விடையைத் தனியாகப் பூட்டிப் பார்க்கிறேன்: 512, மீதி அதே 17. பூட்டின் மேலேயே பெருக்கல் நடந்துவிட்டது. இது ஆர்எஸ்ஏ என்ற பிரபலமான பூட்டு முறையின் பொம்மை வடிவம். இப்படியே யாரும் பயன்படுத்திவிடாதீர்கள்.

ஆர்எஸ்ஏ பெருக்கும், கூட்டாது. 1999-இல் வந்த பைலியர் முறை கூட்டும், பூட்டிய இரண்டு எண்களைத் தங்களுக்குள் பெருக்காது. இரண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யும் ஒரு பூட்டுக்கு 1978-இலிருந்து 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிரெய்க் ஜென்ட்ரி ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் பட்ட ஆய்வில் அதைச் சாதித்தார்.

இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் அதையே பயன்படுத்தல?

இரைச்சல். இந்தப் பூட்டுகளில் பாதுகாப்புக்காகவே ஒரு சின்னப் பிழையைக் கலந்து வைக்கிறார்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பாட்டுப் பதிவு செய்த காலம் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நகலிலும் ‘உஸ்’ சத்தம் கூடும், ஐந்தாவது நகலில் பாட்டே கேட்காது. இங்கேயும் ஒவ்வொரு பெருக்கலிலும் இரைச்சல் கூடுகிறது, ஓர் அளவு தாண்டினால் திறக்கும்போது தப்பு விடை வரும். ஜென்ட்ரியின் தந்திரம், பூட்டைத் திறக்கும் வேலையையே பூட்டுக்குள் வைத்துச் செய்து இரைச்சலைக் குறைப்பது. இதற்குப் பூட்ஸ்டிராப்பிங் என்று பெயர்.

அதன் விலை? 2011-இல் ஜென்ட்ரியும் ஷாய் ஹலேவியும் எழுதிய நிரலில் இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கு மட்டும், பாதுகாப்பு அளவைப் பொறுத்து, அரை நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆனது. பொதுச் சாவியின் (பூட்டுவதற்கு மட்டும் வெளியே கொடுக்கும் சாவி) அளவு பெரிய அமைப்பில் 2.3 ஜிபி. 2016-இல் வந்த ஒரு முறை ஓர் அடிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் சாதாரணக் கணக்கோடு ஒப்பிட்டால் ஆமைதான். ஆகவே சின்ன, திட்டமான வேலைகளுக்குத்தான் இப்போது பயன்படுகிறது. ஆப்பிள் 2024-இல் ஐஓஎஸ் 18-இல், அழைக்கும் எண் யாருடையது என்று சர்வருக்கு எண்ணைக் காட்டாமலே தேட இதைக் கொண்டுவந்தது.

இந்தப் பங்கு போடுற முறையை நிஜத்துல யாராவது செஞ்சிருக்காங்களா, இல்ல வெறும் ஆராய்ச்சிக் கட்டுரைதானா?

எனக்குப் பிடித்த உதாரணம் டென்மார்க்கின் சர்க்கரைக் கிழங்கு ஏலம், ஜனவரி 2008. அங்கே பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் நிறுவனம் அப்போது டானிஸ்கோ ஒன்றுதான் இருந்தது. இவ்வளவு டன் கிழங்கு தருகிறேன் என்ற ஒப்பந்த உரிமை ஒவ்வொரு விவசாயியிடமும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக்கான ஆதரவைக் குறைத்ததும், கிழங்கு கட்டுப்படியாகாதவர் உரிமையை விற்கவும், கட்டுப்படியாகிறவர் வாங்கவும் ஒரு சந்தை தேவைப்பட்டது.

ஏலத்தில் ஒரு விவசாயி ஒரு விலை சொன்னால் போதாது. சுமார் 4000 விலைகளுக்கும், ‘இந்த விலைக்கு இவ்வளவு வாங்குவேன் அல்லது விற்பேன்’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்தால் அவருடைய நிலத்தில் கிழங்கு எவ்வளவு லாபம் தருகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நாளைக்குக் கொள்முதல் விலை பேசும்போது எதிரில் உட்காரப்போவது டானிஸ்கோ, அதனிடம் எப்படிக் காட்டுவது? விவசாயிகள் சங்கமே நடத்தட்டும் என்றால் டானிஸ்கோவுக்கு அதில் நம்பிக்கை இல்லை, அதன் பணமும் இதில் சிக்கியிருந்தது. ஆகவே டானிஸ்கோ, விவசாயிகள் சங்கம், ஆராய்ச்சிக் குழு என்று மூன்று தரப்புக்கும் ஆளுக்கொரு கணினி. விவசாயிகள் கொடுத்த விலைப் பட்டியல்கள் துண்டுகளாகப் பிரிந்து மூன்றுக்கும் போயின. சுமார் 1200 விவசாயிகள் கலந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் சந்தை விலை வந்தது. 25,000 டன் உரிமை கைமாறியது. விலையையும், அந்த விலையில் யார் எவ்வளவு வாங்கி விற்றார் என்பதையும் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்டனில் ஆண் பெண் சம்பள வித்தியாசத்தை அளக்க 2016-இல் 69 நிறுவனங்கள், 1,12,600 ஊழியர்களின் சம்பளத்தை, முதல் பதிலில் உள்ள துண்டுச் சீட்டுக் கணக்கின் நெருங்கிய உறவான ஒரு முறையில் கூட்டின. எஸ்தோனியாவில் 2015-இல் சுமார் ஒரு கோடி வரிப் பதிவுகளைக் கல்விப் பதிவுகளோடு மறைவிலேயே இணைத்து, ஐடி மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடுவதற்குப் படிக்கும்போதே வேலைக்குப் போவதுதான் காரணமா என்று பார்த்தார்கள். அப்படித் தெரியவில்லை என்று விடை வந்தது.

நம்பகமான ஒரு ஆள்கிட்ட எல்லாத்தையும் கொடுத்துட்டா அவரே கணக்குப் போட்டுச் சொல்லிடுவாரே. ஆடிட்டர் எதுக்கு இருக்கார்?

மச்சான் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரி. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஓர் ஆள் இருந்து, அவரிடம் சட்டப்படி கொடுக்கவும் முடிந்தால், கொடுத்துவிடுங்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அப்படி ஓர் ஆள் இல்லாதபோதும், இருந்தாலும் அவர் கேட்கும் கட்டணம் கட்டுப்படியாகாதபோதும், அவரிடம் சேரும் குவியலே திருடனுக்கு அழைப்பாகிவிடும் என்கிறபோதும்தான் இந்தப் பாடெல்லாம்.

அந்த மூணு கம்ப்யூட்டர்காரங்களும் கைகோத்துக்கிட்டா?

எல்லாம் போச்சு. டென்மார்க் ஏலத்தில் மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தாலே போதும். முதல் பதிலில் உள்ள முறையில், ராஜாவைத் தவிர மற்ற இருவரும் சேர்ந்தால் ராஜாவின் சம்பளம் தெரிந்துவிடும் (எந்த முறையாக இருந்தாலும் தெரியும், மொத்தத்தில் தங்களுடையதைக் கழித்தால் ஆயிற்று). எத்தனை பேர் கெட்டுப்போகும் வரை தாங்கும் என்பதற்கு முறைக்கு முறை எல்லை உண்டு. விதிப்படி நடந்துகொண்டே எட்டிப் பார்க்கும் ஆசாமிகள் பாதிக்கும் குறைவாக இருந்தால் தாங்கும், விதியையே மீறுபவர்கள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது 1988-இல் நிறுவப்பட்ட பழைய கணக்கு. அதைத் தாண்டியும் சாவி, முத்திரை எல்லாம் சேர்த்துக் கட்டிய முறைகள் இருக்கின்றன, செலவு கூடும்.

ஆகவே கணிதத்தைவிட ஆள் தேர்வு முக்கியம். கைகோத்தால் தனக்கே நஷ்டம் என்கிற ஆட்களிடம் துண்டுகளைக் கொடுக்க வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கொரு துண்டு வைத்திருந்தது டென்மார்க்கில் தற்செயல் இல்லை. ஒருமுறை ஒரு நிறுவனத்தில் மூன்று சர்வர்கள் என்று பெருமையாகக் காட்டினார்கள். மூன்றும் ஒரே கிளவுட் கணக்கில், ஒரே அட்மின் கடவுச்சொல்லில் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுச் சாவியை மூன்றாக உடைத்து மூன்றையும் ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொண்ட மாதிரி.

ஒருத்தன் பொய்யான எண்ணைக் கொடுத்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

கண்டுபிடிக்க மாட்டோம். மறைத்த பிறகு பொய்யும் மெய்யும் ஒன்றுதான். ஓர் எல்லை வரை தடுக்கலாம்: கொடுத்த எண் 0-க்கும் 10 லட்சத்துக்கும் இடையில்தான் இருக்கிறது என்று எண்ணைக் காட்டாமலே நிரூபிக்கும் வழிகள் உண்டு. ஒருவர் 42-க்குப் பதில் 420 கோடி என்று போட்டு மொத்தத்தைக் கெடுப்பதை அது தடுக்கும். 42-க்குப் பதில் 45 என்று போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைத்தாளில் வாங்கினாலும் அந்தப் பொய் அப்படியேதான் இருக்கும் என்பது ஒரு சமாதானம்.

கணக்கை மறைச்சாச்சு. ஆனா விடையே ரகசியத்தைச் சொல்லிடாதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். சொல்லிவிடும். மேலே சொன்ன எந்த முறையும் விடையைக் காப்பாற்றாது, விடைக்குப் போகும் வழியை மட்டும் காப்பாற்றும். இன்றைக்கு 50 பேரின் சம்பள மொத்தம் கேட்கிறேன், நாளைக்கு ஒருவர் வேலையை விட்டபின் 49 பேருக்குக் கேட்கிறேன். கழித்தால் அவர் சம்பளம். இரண்டு கணக்கும் பூட்டுக்குள்தான் நடந்தன, ஆனாலும் அவர் அகப்பட்டுக்கொண்டார்.

இதற்கு மருந்து வேறு: விடையில் வேண்டுமென்றே கொஞ்சம் கலப்படம். ‘டிஃபரன்ஷியல் பிரைவசி’ என்று 2006-இல் சிந்தியா டுவர்க்கும் கூட்டாளிகளும் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள், அமெரிக்க 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை வெளியிடுவதில் பயன்பட்டது. விதை பழையது, 1965-இல் ஸ்டான்லி வார்னர் சொன்னது. அதன் எளிய வடிவம்: ‘லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா’ என்று 1000 பேரிடம் கேட்கிறோம். ஒவ்வொருவரும் மறைவாக நாணயம் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு ‘ஆமா’, பூவுக்கு ‘இல்லை’. 400 பேர் ‘ஆமா’ என்றால், அதில் சுமார் 250 நாணயம் சொன்ன ஆமா. மீதி 150 உண்மை பேசிய பாதிப் பேரிடமிருந்து வந்தது. ஆக ஆயிரத்தில் சுமார் 300 பேர். ஆனால் யார் ‘ஆமா’ என்றாலும் ‘நாணயம் சொல்லச் சொன்னது’ என்று கையை உதறிவிடலாம்.

கூட்டம் பெரிதாக இருந்தால்தான் இது வேலை செய்யும். பத்துப் பேர் ஆபீஸில் நாணயம் சுண்டினால் விடை குப்பை.

சிப்புக்குள்ளேயே ஒரு ரகசிய அறை இருக்காமே. அதுல போட்டுப் பூட்டிட்டா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே?

இருக்கிறது, வேகமும் அதிகம். சிக்னல் செயலி 2017-இல் தொடர்புப் பட்டியலைப் பொருத்திப் பார்க்க இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் அறையைத்தான் எடுத்துக்கொண்டது. நம்பிக்கை மட்டும் கணிதத்திலிருந்து சிப் செய்பவரிடம் மாறுகிறது. 2018-இல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டது, ஒட்டுப் போட்டார்கள், பிறகு வேறு ஓட்டைகள் வந்தன. மோசமான தேர்வு என்று சொல்லமாட்டேன், ஆனால் ‘உடைக்கவே முடியாது’ என்று விற்க வருபவரிடம் அந்த 2018-ஐச் சொல்லிப் பாருங்கள்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா இதெல்லாம் காலியா?

முதல் பதிலின் துண்டுச் சீட்டு முறையில் உடைக்க வேண்டிய கணிதப் புதிரே இல்லை, ஆகவே கவலையில்லை. இன்றைய ஹோமோமார்ஃபிக் முறைகள் லாட்டிஸ் என்ற வகைப் புதிர்களில் நிற்கின்றன, அவற்றைக் குவாண்டத்தில் வேகமாக உடைக்கும் வழி யாருக்கும் தெரியாது. ஆர்எஸ்ஏ, பைலியர், இரட்டைப் பூட்டின் வழக்கமான வடிவம் ஆகியவை விழுந்துவிடும்.

இப்படிச் செஞ்சா டேட்டா வெளியே போகலைதானே, அப்போ ஆளோட அனுமதி வாங்க வேண்டாமே?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி வரும் தொனியே எனக்குப் பிடிப்பதில்லை. 2023-இன் இந்தியத் தனிநபர் தரவுச் சட்டம் எந்த நோக்கத்துக்காக, யார் சம்மதத்தோடு என்றுதான் முதலில் கேட்கிறது, எந்தப் பூட்டுப் போட்டீர்கள் என்று அப்புறம்தான். என் மருத்துவ விவரத்தை வைத்து இன்சூரன்ஸ் பிரீமியத்தை ஏற்றும் கணக்கு எவ்வளவு மறைவாக நடந்தாலும், ஏறிய பிரீமியத்தைக் கட்டப்போவது நான்தான். யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கு என்ன ஆறுதல்?

ரெண்டே பேர்தான் இருக்கோம். நானும் என் ஃப்ரெண்டும் சம்பளச் சராசரி போட முடியுமா?

முடியாது. உலகத்தில் எந்த முறையாலும் முடியாது. சராசரியை இரட்டிப்பாக்கி உங்களுடையதைக் கழித்தால் அவருடையது வந்துவிடும். டீ குடித்துக்கொண்டே நேராகச் சொல்லிவிடுங்கள். ‘யாருக்கு அதிகம்’ என்று மட்டும் வேண்டுமானால் யாவ் சொன்ன வழி இருக்கிறது, அதில் ஆமா-இல்லை என்ற ஒற்றை விவரம்தான் கசியும்.

அப்படி ரெண்டு பேர் செய்யும்போது, அவன் விடையைப் பார்த்துட்டு என் முறை வர்றதுக்குள்ள லேப்டாப்பை மூடிட்டா?

மூடலாம். செய்தி மாறி மாறித்தான் போகிறது, கடைசிச் செய்தியை அனுப்ப வேண்டியவர் அதற்கு முன்பே விடையைத் தெரிந்துகொண்டிருப்பார். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது இதை முழுக்கத் தடுக்கும் பொதுவான வழி கிடையாது என்று 1986-இல் ரிச்சர்ட் கிளீவ் நிரூபித்துவிட்டார். முன்பணம் கட்டி வைத்து, ஓடினால் பறிமுதல் என்பது மாதிரி ஏற்பாடுகள் செய்து ஓடுவதை நஷ்டமாக்கலாம், அவ்வளவுதான். சீட்டுக்கட்டு முறையில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து சீட்டையும் மேசையில் திருப்பும்போது இரண்டு பேர் கண்ணும் அங்கேதான் இருக்கும்.